இலாரியோ ஆட்டிய ஒகோபா

எங்கள் தெருவில் ஒகோபா அரைக்காத வீடு கிடையாது. மஞ்சள் மிளகாய், வேர்க்கடலை, வக்கத்தாய்த் தழை, பாலாடைக்கட்டி, பால் எல்லாம் சேர்த்து அரைத்த அந்தச் சாந்து நாக்கில் வழவழவென்று இறங்கும், தொண்டைக்குப் போனபிறகுதான் காரம் தெரியும். அவித்த உருளைக்கிழங்கை அதில் தோய்த்துத் தின்னாமல் எங்கள் அரெகிபா நகரத்துக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை நகராது. ஆனால் அரைப்பது எப்போதும் பெண்கள்தான். ஓர் ஆண்பிள்ளை மண்டியிட்டு அரைப்பதை நான் முதன்முதலில் பார்த்தது இலாரியோ சுக்தாயாவின் வீட்டில்.

எனக்குத் தெருமுனையில் சின்னக் கடை. சோப்பு, மண்ணெண்ணெய், அரிசி, டின் பால் விற்கிறேன். தெருவில் எல்லாருக்கும் நான் தோன்யா சோய்லா, அதாவது சோய்லா அம்மா. இலாரியோவின் முற்றத்துக்கும் என் கடையின் பின்பக்கத்துக்கும் இடையில் இடுப்பளவுச் சுவர்தான் இருக்கிறது. அதனால் அந்த வீட்டில் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அவன் மனைவி பெனிதா சுவரில் சாய்ந்துகொண்டு சொல்லியிருக்கிறாள்.

இலாரியோ மலைமேல் கம்பளிக்காக அல்பாக்கா மேய்க்கும் ஊரிலிருந்து இளைஞனாக இறங்கி வந்தவன். வந்த நாளிலிருந்து கல்குவாரி வேலைதான். மிஸ்தி மலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஆழமான வறண்ட ஓடைப்பள்ளத்தில் வெள்ளை எரிமலைக்கல்லை வெட்டி எடுப்பார்கள். மாலையில் வீடு திரும்பும்போது புருவம் முதல் செருப்பு வரை வெள்ளையாக இருப்பான். பலசாலி, அந்தப் பலத்தில் கொஞ்சம் கர்வமும் உண்டு. வீட்டில் ஒரு துரும்பை அசைக்க மாட்டான். பானையில் இருக்கும் தண்ணீரைக்கூட பெனிதாதான் மொண்டு கொடுக்க வேண்டும். அவளும் கொடுப்பாள், ஆனால் கொடுக்கும்போது நாலு வார்த்தை சொல்லாமல் கொடுத்ததில்லை. மோயெந்தோ துறைமுகத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் எப்போதாவது வந்து போவாள்.

குவாரியில் இலாரியோவுக்கு ஜோடி தொரிபியோ. நெடுநெடுவென்று வளர்ந்தவன், ஓயாமல் பேசுகிறவன். இலாரியோவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் பேர்சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் அந்த உறவைச் சொல்லும் கொம்பாத்ரே என்றுதான். கூடப் பிறந்தவர்களிடம்கூட அவ்வளவு ஒட்டுதல் இருக்காது.

விபத்து நடந்தது ஆகஸ்ட் மாதத்தில், காற்று மண்ணை வாரி இறைக்கும் பருவத்தில். பாறைச் சுவரிலிருந்து ஒரு பெரிய கல் பிளந்து நின்றது. மேலே நின்று தொரிபியோ கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான். கீழே இலாரியோ கடைசி ஆப்பைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்தான். கல் அசைந்தது, தொரிபியோ கத்தினான், அதற்குள் கல் திரும்பி விழுந்தது. இலாரியோவின் வலது கை அதன் அடியில் போய்விட்டது. கல் ஏற்ற வந்திருந்த லாரியில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் தொரிபியோதான். முழங்கைக்குக் கீழே நாலு விரல் அளவு விட்டு மீதியை எடுத்துவிட்டார்கள்.

இலாரியோ பிழைத்துக்கொள்வான் என்று தெரியும்வரை தொரிபியோ ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தானாம். தெரிந்ததும் எழுந்து போனவன்தான். அதன்பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. என் கடை வழியாகத்தான் குவாரிக்குப் போக வேண்டும், ஆனால் அவன் ஓடைக்கரையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினான். மற்றவர்கள் ஒன்றிரண்டு தடவை பழங்களோடு வந்து பார்த்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, போய்விட்டார்கள்.

இலாரியோ முற்றத்தில் மரத்தடியில் உட்கார்ந்தே கிடந்தான். வெயில் எவ்வளவு அடித்தாலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டான். வெட்டுப்பட்ட கை அதற்குள்ளேயே இருக்கும். பெனிதா கட்டு மாற்றப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வானாம். கட்டு தேவைப்படாமல் போனபிறகு அவளையும் பார்க்க விடவில்லை. இரவில் விளக்கை அணைத்த பிறகே சட்டையை மாற்றினான்.

வீடு நடக்க வேண்டுமே. பெனிதா நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் துணி துவைக்கப் போனாள். படுக்கை விரிப்புகளைக் குளிர்ந்த நீரில் அலசி முறுக்கிப் பிழிகிற வேலை. ஆண்டு முடிவதற்குள் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்த வாரத்தில்தான் முதல்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு அரைகல் சத்தம் கேட்கவில்லை. வெறும் உருளைக்கிழங்கில் உப்பைத் தொட்டுச் சாப்பிட்டார்கள். இலாரியோ தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தானாம்.

மறுநாள் பெனிதா வேலைக்குப் போனபிறகு எனக்குத் தும்மல் தாங்கவில்லை. தெருவே தும்மியது. யாரோ மிளகாயைக் கருக வறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இலாரியோ கடை வாசலில் வந்து நின்றான். கண்ணைத் திறக்க முடியவில்லை, தாரைதாரையாக நீர் ஒழுகியது. மிளகாயைப் பிளந்து விதை எடுத்திருக்கிறான், அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்திருக்கிறான். கழுவலாம் என்று போனால் ஒரு கையைக் கழுவ இன்னொரு கை இல்லை. தொட்டி நீரில் முக்கி எடுத்து மறுபடி கண்ணைத் தொட்டு, எரிச்சலை இரட்டிப்பாக்கிக்கொண்டிருக்கிறான்.

அவனை முக்காலியில் உட்காரவைத்து டின் பாலைத் திறந்து கண்ணில் ஊற்றினேன். பிறகு அவன் கையை என் மடியில் வைத்துச் சோப்புப் போட்டு விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினேன். கல் வெட்டிக் காய்த்துப்போயிருந்த கை இத்தனை மாதத்தில் மெத்தென்று ஆகியிருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது. மிளகாய் நெடியில் அது யாருக்கும் தெரியவில்லை.

"தோன்யா சோய்லா, பெனிதாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

"ஊர் மூக்குக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. இதுல நான் வேற சொல்லணுமாக்கும்" என்றேன்.

மாலையில் பெனிதா வந்தாள். வாசலிலேயே மூக்கை உறிஞ்சியவள் நேராக அரைகல்லிடம் போனாள். அதில் கறுப்பும் மஞ்சளுமாகத் திப்பித்திப்பியாக ஏதோ இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சுவருக்கு இந்தப்பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"இது ஒகோபா இல்ல. குவாரித் தூசியக் குழைச்சு வெச்சிருக்கே."

"அப்போ நீயே அரைச்சுக்கோ."

"எப்படி அரைக்கறது? எனக்கு ஒரு கை வீங்கிக் கிடக்குது, உனக்கு ஒண்ணு இல்ல. சேர்த்துப் பார்த்தா நம்ம வீட்டுல இப்போ ஒரு ஆளுதான் இருக்கான். அந்த ஆளுக்குச் சமைக்கத் தெரியணும்."

விபத்துக்குப்பிறகு அந்த வீட்டில் யாரும் கையைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். இலாரியோவோ, மிளகாயை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்று கேட்டான்.

அன்றிலிருந்து பெனிதா மாலையில் வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டு மணிக்கட்டை அதில் வைத்துக்கொண்டு உட்காருவாள். கை சும்மா இருக்கும், வாய் வேலை செய்யும். மிளகாயை நிறம் மாறும்வரை விடாதே, மணம் வந்ததும் இறக்கு. விதையை எடுத்துவிட்டு ஊறவை. வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணெயில் பழுக்க வதக்கு. வக்கத்தாயில் இலையை மட்டும் கிள்ளு, காம்பு போனால் கசந்துவிடும். அவன் காம்போடு போட்டுக் கசக்கவைப்பான், கடலையைக் கருக்குவான், பாலை ஒரேயடியாக ஊற்றித் தண்ணீராக்குவான். அவள் ஒவ்வொன்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவாள். எதையும் கொட்டவில்லை.

வெங்காயம் நறுக்க அவனே வழி கண்டுபிடித்தான். ஒரு பலகையின் அடியிலிருந்து ஆணி அடித்து, கூர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தான். வெங்காயத்தை அதில் குத்திவைத்து ஒரு கையால் நறுக்கினான். அவித்த கிழங்கையும் அதில் குத்தியே தோலுரித்தான். வறுத்த கடலையைத் துணியில் சுற்றி அரைகல்லின் மேல் உள்ளங்கையால் உருட்டினால் தோல் தனியாகக் கழன்றது. இதையெல்லாம் பெனிதா சொல்லித்தரவில்லை. அவளுக்கு இரண்டு கை இருந்ததால் அவள் யோசித்ததும் இல்லை.

அரைப்பதுதான் மலையாக நின்றது. எங்கள் அரைகல்லின் குழவி உருட்டுகிற குழவி இல்லை. அரைநிலாப் போல அடி வளைந்த கனமான கல். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்ட வேண்டும். ஒரு முனையை மட்டும் பிடித்தால் குழவி சுற்றிக்கொண்டு ஓடும். இலாரியோ பிடித்தபோதும் ஓடியது. சாந்து தெறித்துச் சுவரெல்லாம் மஞ்சள் புள்ளியானது. ஒருநாள் குழவி சரிந்து அவன் முழங்காலில் இடித்தது. அவன் அதைக் காலால் எட்டி உதைத்தான், அதில் கால் இன்னும் வலித்தது.

பெனிதா நீருக்குள்ளிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "அந்தக் கையையும் வை."

"எந்தக் கையை?"

"மிச்சம் இருக்கறதை. சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கியே, அதை."

இலாரியோ எழுந்து உள்ளே போய்விட்டான். அன்று சாப்பிடவும் வரவில்லை. அளவுக்கு மீறிப் பேசிவிட்டேனோ என்று பெனிதா மறுநாள் காலையில் சுவரோரம் வந்து என்னிடம் கேட்டாள்.

அவள் வேலைக்குப் போனபிறகு கடையின் பின்பக்கம் சோப்புப் பெட்டியை எடுக்கப் போனேன். இலாரியோ முற்றத்தில் கம்பளிச் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு பழைய சட்டைக் கையைக் கிழித்து, மிச்சமிருந்த முண்டுக்கையில் சுற்றி, முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு மண்டியிட்டான். இடது கை குழவியின் ஒரு முனையில். கொஞ்சம் தயங்கி, முண்டுக்கையை மறுமுனையில் வைத்தான். அழுத்தியதும் முகம் சுருங்கியது. எடுத்துவிட்டான். மறுபடி வைத்தான். குழவி ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மெதுவாக ஆடத் தொடங்கியது.

நான் பெட்டியை எடுக்காமலே வந்துவிட்டேன். அன்று முழுக்க அந்தச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கடைக்கு வந்தவர்களில் ஒருத்தி, பெனிதா வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டாள்.

வலி சில வாரங்களில் குறைந்துவிட்டது என்று அவனே சொன்னான். ஆரம்பத்தில் குழவியைப் பலங்கொண்டு அமுக்கியிருக்கிறான். அப்புறம்தான் அவனுக்கே சிரிப்பு வந்ததாம். குவாரிக்குப் புதிதாக வருகிறவர்களிடம், சம்மட்டியை நீ அடிக்காதே, அதை விழ விடு, கனம் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று அவன் சொல்லாத நாள் கிடையாது. அதே விஷயம்தான் இங்கேயும். இன்னொன்றும் சொன்னான். போன கையின் விரல்கள் இரவில் குளிரில் விறைப்பதுபோல் இருக்குமாம், இல்லாத விரலை எப்படிச் சூடாக்குவது என்று தவிப்பானாம். அரைக்கும்போது மட்டும் அவை குழவியைப் பற்றிக்கொண்டிருப்பதுபோல் நிம்மதியாக இருக்கிறதாம்.

தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டு பஸ் டிரைவர் தினமும் கதவருகே நின்று எட்டிப் பார்ப்பான். "என்ன இலாரியோ, அரைக்கக் கத்துக்கிட்டே. அடுத்தது பாவாடையா?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஆமா. அளவு எடுக்கணும், உன் இடுப்பைக் கொஞ்சம் காட்டு. முதல் பாவாடை உனக்குத்தான்" என்றான் இலாரியோ, ஆட்டுவதை நிறுத்தாமல். டிரைவரின் மனைவி அவர்கள் வீட்டு ஜன்னலில் நின்று சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. விபத்துக்கு முந்தைய இலாரியோவின் குரல் அது. பெனிதாவிடம் அன்றே சொன்னேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்து கைகூடியது. முதலில் மிளகாயும் பூண்டும், பிறகு கடலை, பிறகு தழை, பிறகு பாலாடைக்கட்டி, ஒரு கைப்பிடி பிஸ்கட், பால் சொட்டுச்சொட்டாக. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், கரண்டியிலிருந்து நாடாபோல் இறங்கியது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெனிதா ஒரு கிழங்கைத் தோய்த்து வாயில் போட்டு மென்றாள். இன்னொன்றை எடுத்தாள். இலாரியோ அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு கம்மி" என்றாள், மூன்றாவது கிழங்கை எடுத்துக்கொண்டே.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடத் தொடங்கினான். காது வரைக்கும் சந்தோஷம் தெரிந்தது.

மே மாதம் வந்தது. குவாரிக்கு மேலே மேட்டில் ஒரு சிலுவை நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை அதற்குப் பூச்சாத்திக் கொண்டாடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பண்டம் போகும். பெனிதா வீட்டிலிருந்து எப்போதும் ஒகோபாதான். இந்த முறையும் போக வேண்டும் என்று அவள் முடிவுசெய்துவிட்டாள். இலாரியோ அரைத்துத் தருவதாகவும், தான் வரமாட்டேன் என்றும் சொன்னான். அங்கே போய் ஒவ்வொருவன் முகத்திலும் இரக்கத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டான். தொரிபியோவின் பெயரை எடுக்கவில்லை. ஆனால் அதுதான் காரணம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

காலையில் பெரிய மண்பானை நிறைய சாந்து தயாராக இருந்தது. கிழங்குக்கூடையை நான் தூக்கிக்கொண்டேன். பெனிதா பானையைத் தூக்கப் பார்த்தாள். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. இடுப்பில் வைத்துப் பத்தடி நடந்தவள் தெருவில் இறக்கிவைத்துவிட்டாள். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு உதவப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் நின்றுவிட்டேன்.

இலாரியோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பானையை நடுத்தெருவில் வெயிலில் வைத்தால் பால் கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும். பெனிதாவுக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே வந்தான், குனிந்து பானையை இடது தோளில் ஏற்றினான், முண்டுக்கையால் பக்கவாட்டில் அணைகொடுத்தான். மேட்டுப்பாதை முழுக்க எங்களுக்கு முன்னால் நடந்தான். மூச்சு வாங்கியது. நிற்கவில்லை.

குவாரி ஆட்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வாத்தியக்காரர்கள்கூட ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் பழக்கத்தில் வலது கையை நீட்டினான், பிறகு சட்டென்று இழுத்துக்கொண்டான். எதை நீட்டுவது என்று தெரியாமல் நாலைந்து பேர் நின்றார்கள். இலாரியோ பானையை இறக்கிவைத்துவிட்டு எல்லாருடைய தோளையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தான். அதுவே வணக்கமாயிற்று. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு நெடிய உருவம் நகர்ந்து வெட்டுப்பாறைக்குப் பின்னால் போவதை நான் பார்த்தேன். இலாரியோவும் பார்த்தான்.

கிழங்கைப் பரப்பினோம். ஆளாளுக்குத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். கொஞ்சநேரத்தில் வாய்கள் திறந்தன. வயதான கல்வெட்டி ஒருவர், விரலை நக்கியபடி, இத்தனை கஷ்டத்திலும் பெனிதாவின் கைப்பக்குவம் போகவில்லை என்றார்.

"என் கை இல்ல பெரியவரே. அவன் கை" என்றாள் பெனிதா.

கை என்ற சொல்லே அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள்.

"ஒத்தைக் கைதான்" என்றான் இலாரியோ. "ரெண்டும் இருந்திருந்தா உங்களால தாங்க முடிஞ்சிருக்காது."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். அப்புறம் அந்த மேடே சிரித்தது. சிச்சா என்னும் சோளக்கள் குவளை கைமாறத் தொடங்கியது, வாத்தியமும் மறுபடி ஒலித்தது.

இலாரியோ ஒரு தட்டில் கிழங்கை எடுத்து, மேலே சாந்தை ஊற்றி, ஓர் ஆலிவ்காயையும் வைத்து எடுத்துக்கொண்டு வெட்டுப்பாறைப் பக்கம் நடந்தான். பெனிதா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாறையோரம் வந்து நின்றாள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர்கள் பேசியது நன்றாகவே கேட்டது.

தொரிபியோ பாறையைப் பார்த்து நின்றிருந்தான். திரும்பாமலே சொன்னான். "நான் அன்னைக்கு நெம்பியிருக்கக் கூடாது கொம்பாத்ரே. நீ விலகற வரைக்கும் காத்திருந்திருக்கணும். கண்ண மூடினா அதுதான் வருது."

"நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சு" என்றான் இலாரியோ.

தொரிபியோ திரும்பினான்.

"நல்லாவே கேட்டுச்சு. இன்னும் ஒரு அடி போட்டா ஆப்பு இறங்கிடும்னு நினைச்சேன். விலகல. என் திமிரு அது. நீயா வந்து கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். நீ வரல. நானும் கூப்பிட்டு அனுப்பல, கோவத்துல இருந்தேன். கைக்காக இல்ல. நீ வரலையேன்னு."

இலாரியோ தட்டை நீட்டினான். தொரிபியோ வாங்கிக்கொண்டு ஒரு கிழங்கைத் தின்றான். முழுங்கிவிட்டு மூக்கைத் துடைத்தான்.

"வக்கத்தாய் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றான்.

"வீட்டுப்படி ஏறாம இத்தனை மாசம் ஓடி ஒளிஞ்சுட்டு, முதல் வாயிலயே குறை சொல்றியா? குடு தட்டை."

தொரிபியோ தட்டைக் கொடுக்கவில்லை. இருவரும் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து அதே தட்டிலிருந்து தின்றார்கள். பெனிதா என் கையை விட்டாள். அவள் நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது.

அடுத்த வாரம் குவாரி ஆட்கள் மத்தியானத்துக்குச் சாந்து கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினார்கள். முதலில் கொஞ்சம் பேருக்கு, பிறகு எல்லாருக்கும். இலாரியோ காலையில் அரைத்துப் பானையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போவான், மாலையில் காலிப்பானையோடு வருவான். மறுபடி உடம்பெல்லாம் வெள்ளைத்தூசி. கூலிநாளில் அவர்கள் தந்தது வீட்டுக்குப் போதுமானதாக இருந்ததால் பெனிதா விடுதி வேலையை விட்டாள். மழைக்காலம் வருவதற்குள் அவள் மணிக்கட்டு சரியாகிவிட்டது.

தொரிபியோ இப்போது எங்கள் தெரு வழியாகத்தான் போகிறான். அவன் ஆற்றுப்படுகையிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துவந்தான். எங்கள் குவாரியில் வெட்டும் வெள்ளைக்கல் மிருதுவானது, ஆற்றுக்கல் அப்படியில்லை. வேலைமுடிந்த மாலைகளில் அவன் அதைக் கொத்தியதில் எத்தனையோ உளி மழுங்கின. கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியபோது அது ஒரு புதுக் குழவியாக இருந்தது. அடி அரைநிலாப்போல் வளைந்து, ஒரு முனை கைப்பிடிக்கு ஏற்றபடி ஒல்லியாக, மறுமுனையில் வழவழப்பான ஒரு குழி. முண்டுக்கை அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அளவு எப்போது எடுத்தாய் என்று கேட்டதற்கு, ஒரே தட்டில் சாப்பிட்டபோது பார்த்துக்கொண்டேன் என்றான். இலாரியோ ஆட்டிப் பார்த்தான். ஓடவில்லை, சுற்றவில்லை. துணிகூடத் தேவைப்படவில்லை.

மகள் மோயெந்தோவிலிருந்து ஒரு மிக்சியை வாங்கி அனுப்பினாள். அப்பா கஷ்டப்பட வேண்டாமே என்று. அதில் பெனிதா வாழைப்பழமும் பாலும் அடித்துத் தருகிறாள், இலாரியோ விரும்பிக் குடிக்கிறான். சாந்தை அதில் போட மட்டும் விடமாட்டான்.

இப்போது அந்த வீட்டில் வேறு சண்டை. கை குணமான பெனிதா அரைகல்லைத் திருப்பிக் கேட்கிறாள். அவன் தருவதில்லை. புதுக் குழவி தன் கைக்குத்தான் பொருந்தும் என்கிறான். பழைய குழவியை வைத்து நான் அரைத்தால் உன் சாந்தை நாய்கூட முகராது என்கிறாள் அவள். போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் தனித்தனியாக அரைத்து, இரண்டு கிண்ணத்தை என் முன்னால் வைத்து எது யாருடையது என்று சொல்லாமல் தின்னச் சொன்னார்கள். தொரிபியோவும் இருந்தான். நாங்கள் இருவரும் கிழங்கு தீரும்வரை மாறிமாறித் தோய்த்துத் தின்றோம். முடிவு சொல்ல இன்னும் கொஞ்சம் கிழங்கு வேண்டும் என்றான் தொரிபியோ. இலாரியோ எழுந்து அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனான்.